டிசம்பர் 3-ஐ உழவர்கள் ஏன் நினைவில் வைக்க வேண்டும்?

வங்கியில் 36 வருடம் வேலை பார்த்தவனுக்கு ஒரு பழக்கம் விடாது. காலையில் எழுந்ததும் தினசரி காலண்டரில் தாளைக் கிழிப்பதுதான் முதல் வேலை. ஓய்வு பெற்று, பெரம்பலூர் பக்கம் நாலு ஏக்கரில் பருத்தியும் கம்பும் துவரையும் போட ஆரம்பித்த பிறகும் அது போகவில்லை. தாளைக் கிழித்துவிட்டு அன்றைய தேதியில் என்னென்ன நடந்தது என்று பார்ப்பேன். பல தேதிகள் சும்மா வந்து போகும். டிசம்பர் 3 மட்டும் என்னை அப்படி விடுவதில்லை.

அந்தத் தேதிக்கு நம் நாட்டில் மூன்று பெயர் இருக்கிறது. வேளாண் கல்வி தினம், பூச்சிக்கொல்லி எதிர்ப்பு தினம், மாற்றுத்திறனாளிகள் தினம். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லை. ஆனால் ஒரு உழவர் இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நம் நிலத்தின் நூறு வருடக் கதை தெரியும். என் சொந்தக் கணக்கும் ஒன்று அதில் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

1884: அவுரி வழக்கறிஞர்

பீகாரில் ஜீராதேயி என்ற கிராமத்தில் 1884 டிசம்பர் 3 அன்று ராஜேந்திர பிரசாத் பிறந்தார். முதல் குடியரசுத் தலைவர் என்றுதான் நமக்குத் தெரியும். அதற்கு முன்பே, 1946-ல் அமைந்த இடைக்கால அரசில் உணவுக்கும் வேளாண்மைக்கும் பொறுப்பாக இருந்தவர் அவர். அதனால்தான் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2016 முதல் அவர் பிறந்த நாளை வேளாண் கல்வி தினமாகக் கொண்டாடுகிறது.

எனக்கு அவரிடம் பிடித்தது பதவி இல்லை, சம்பாரண். 1917-ல் காந்தி அங்கே போனபோது கூட நின்ற வழக்கறிஞர்களில் ராஜேந்திர பிரசாத்தும் ஒருவர். அங்கே ஒரு முறை இருந்தது. 20 கட்டா நிலம் வைத்திருக்கும் குடியானவர், அதில் 3 கட்டாவில் தோட்ட முதலாளிக்காகக் கட்டாயம் அவுரி பயிரிட வேண்டும். விலையையும் முதலாளியே வைப்பார். இந்த வழக்கறிஞர்கள் ஆயிரக்கணக்கான குடியானவர்களை உட்கார வைத்து, ஒவ்வொருவர் சொன்னதையும் எழுதி வாங்கினார்கள். அடுத்த வருடமே அந்த முறை சட்டம் போட்டு ஒழிக்கப்பட்டது.

தன் நிலத்தில் என்ன போட வேண்டும் என்பதை வேறொருவர் முடிவு செய்வது எவ்வளவு பெரிய கொடுமை என்று சம்பாரண் சொல்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவோம்.

அதே பீகாரில் பூசா என்ற ஊர் இருக்கிறது. 1905-ல் நாட்டின் முதல் பெரிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் வந்தது. 1934 நிலநடுக்கத்தில் கட்டடம் சிதைந்து, நிலையம் டெல்லிக்குப் போனது. பழைய பூசாவில் இன்று இருப்பது ராஜேந்திர பிரசாத் பெயரில் உள்ள மத்திய வேளாண் பல்கலைக்கழகம். அந்தப் பூசாவுக்கு 1905-ல் இங்கிலாந்திலிருந்து தாவரவியல் அறிஞராக வந்தவர்தான் ஆல்பர்ட் ஹோவர்ட். பாடம் சொல்ல வந்தவர், பாடம் கற்றுக்கொண்டு போனார். சுற்றுவட்டாரக் குடியானவர்களின் பயிரில் பூச்சி ஏன் குறைவாக இருக்கிறது என்று கவனித்தார். குடியானவரும் பூச்சியும்தான் தன் ஆசிரியர்கள் என்று பின்னால் எழுதினார். நோய் வந்த செடி, மண்ணில் ஏதோ குறை என்று சொல்ல வந்த தூதர் என்பது அவர் முடிவு.

1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்தார். அங்கேதான் யஷ்வந்த் வாட் என்ற இந்தியருடன் சேர்ந்து, பயிர்க்கழிவு, சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், சாம்பல் இவற்றை அடுக்கடுக்காகப் போட்டுப் புரட்டி, 3 மாதத்தில் மட்கு உரமாக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். உலகமே அதை இந்தூர் முறை என்று சொல்கிறது. இந்த ஊர்ப் பெயரையும் நினைவில் வையுங்கள்.

1984: போபால்

இந்தூரிலிருந்து போபால் 200 கிலோமீட்டருக்குள்தான். 1984 டிசம்பர் 2 இரவு, 3-ம் தேதி பிறக்கிற நேரம். யூனியன் கார்பைடு ஆலையில் 610 என்ற எண்ணுள்ள தொட்டியில் சுமார் 40 டன் மீத்தைல் ஐசோ சயனேட் இருந்தது. அதற்குள் தண்ணீர் புகுந்தது. இரண்டும் சேர்ந்தால் கடும் வெப்பம் வரும். தொட்டி கொதித்து, வாயு வெளியே பீறிட்டது. காற்றைவிடக் கனமான வாயு என்பதால் மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, ஆலையை ஒட்டிய குடிசைகளுக்குள் புகுந்தது. உயரம் குறைந்த குழந்தைகள் அதிகம் மாட்டினார்கள்.

ஆலையில் என்ன செய்தார்கள் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. பூச்சிக்கொல்லி செய்தார்கள். செவின் என்று விற்ற கார்பரில். பருத்திக் காய்ப்புழுவுக்கு என்று நம்மூரிலும் தூவினார்களே, அதேதான். அதற்கான இடைப்பொருள்தான் அந்த வாயு.

வங்கிக்காரன் கண்ணோடு ஒன்று சொல்கிறேன். அந்த ஆலை அப்போது நஷ்டத்தில் இருந்தது. மருந்து எதிர்பார்த்தபடி விற்கவில்லை. நஷ்டம் வந்தால் செலவைக் குறைப்பார்கள். எதில் குறைத்தார்கள்? தொட்டியைக் குளிர வைக்கும் இயந்திரத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். கசியும் வாயுவை எரிக்கும் கோபுரம் இணைப்பில் இல்லை. வாயுவைக் கழுவும் கருவி அந்த நேரத்துக்கு உதவவில்லை. லாபக் கணக்கில் மிச்சமானது, உயிர்க் கணக்கில் செலவானது.

உடனடியாக இறந்தவர்கள் 2,259 பேர் என்று முதலில் அரசு சொன்னது. பிறகு 3,787 என்றது. பாதிக்கப்பட்டோர் அமைப்புகள் சொல்லும் எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு. வாயு பட்டவர்கள் 5 லட்சத்துக்கும் மேல். 1989-ல் 47 கோடி டாலருக்குச் சமரசம் பேசி முடித்தார்கள். 2010-ல் இந்திய அதிகாரிகளுக்கு 2 வருடம் தண்டனை, உடனே ஜாமீன். கார்பரில் மருந்தை நம் அரசு தடை செய்தது 2018-ல். அதாவது 34 வருடம் கழித்து!

ஆலையில் கிடந்த 337 டன் நச்சுக் கழிவை 2025 ஜனவரியில்தான் போபாலை விட்டு எடுத்தார்கள். எங்கே கொண்டு போனார்கள் தெரியுமா? பீதம்பூருக்கு. இந்தூரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். கழிவை மட்கு உரமாக்குவதற்கு உலகுக்கு வழி காட்டிய ஊரின் பக்கத்துக்கே, மட்காத கழிவு எரிக்க வந்து சேர்ந்தது. அந்த ஊர் மக்கள் எதிர்த்துத் தெருவுக்கு வந்தார்கள். குறை சொல்ல முடியுமா?

என் கையெழுத்து

போபால் நடந்தபோது நான் ஒரு கிளையில் கிளார்க். நாட்டில் தேர்தல் நேரம். எம்.ஜி.ஆர். அமெரிக்க மருத்துவமனையில் இருந்தார். எங்கள் பேச்செல்லாம் அதுதான். போபால் செய்தியைப் படித்து உச்சுக்கொட்டிவிட்டு கவுண்டரைத் திறந்தேன். எங்கோ வடக்கே நடந்தது என்று நினைத்தேன்.

ஆறு வருடம் கழித்து, பருத்தி விளைகிற ஊரில் அதிகாரி. அப்போது பயிர்க்கடன் இரண்டு பகுதியாகப் போகும். ஒரு பகுதி ரொக்கம். இன்னொரு பகுதி இடுபொருள், அதாவது உரமும் மருந்தும். அதற்குக் கடை பில் வைக்க வேண்டும். ஒரு நாள் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் எதிரே உட்கார்ந்தார்.

"சார், எனக்கு மருந்து வேணாம். ஆட்டுக்கிடை போட்டிருக்கேன், வேப்பம்புண்ணாக்கு இருக்கு. அந்தப் பணத்தையும் ரொக்கமாக் குடுத்துருங்க, களையெடுப்புக் கூலிக்கு ஆகும்."

"அப்படியெல்லாம் விதியில இல்லீங்க. பில் கொண்டு வாங்க, இல்லேன்னா அந்தப் பகுதி கிடைக்காது" என்றேன்.

அவர் பில் கொண்டு வந்தார். நான் கையெழுத்துப் போட்டேன். வாங்கின மருந்தை வீணாக்குவானேன் என்று அடித்திருக்கிறார். வெயிலில், சட்டை இல்லாமல், காற்றுக்கு எதிரே. வயலிலேயே விழுந்துவிட்டார். பிழைத்துக்கொண்டார். அடுத்த வருடம் கடன் புதுப்பிக்க வந்தபோது பேனா பிடிக்க முடியவில்லை. கையில் பலம் போய்விட்டது. மாதிரிக் கையெழுத்து அட்டையில் அழகாகக் கையெழுத்துப் போட்டிருந்த மனிதர், அன்று என் முன்னால் கைநாட்டு வைத்தார். மசியில் அவர் பெருவிரலைப் பிடித்து அழுத்தியது நான்தான்.

அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சம்பாரண் குடியானவருக்கு முதலாளி சொன்னதை, நான் ஒரு படிவத்தை வைத்துச் சொன்னேன். இதுதான் நான் சொல்ல வந்த கணக்கு. டிசம்பர் 3-ஐ ஐக்கிய நாடுகள் சபை 1992-ல் மாற்றுத்திறனாளிகள் தினமாக அறிவித்தது. அந்தத் தாளைக் கிழிக்கும்போதெல்லாம் அந்தப் பெருவிரல் என் ஞாபகத்துக்கு வரும்.

உடம்பில் என்ன நடக்கிறது?

நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டு போக ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. வேலை முடிந்ததும் அதைத் துடைத்துவிட ஒரு நொதியும் இருக்கிறது. கார்பமேட், ஆர்கனோ பாஸ்பரஸ் வகை மருந்துகள் அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடும். சுவிட்சைப் போட்டபின் அணைக்க முடியாத மாதிரி. புழுவும் இப்படித்தான் சாகிறது. மனிதனுக்கும் நரம்பு அதே நரம்புதான். வியர்வை, எச்சில் ஊறுதல், வாந்தி, கண் பாவை சுருங்குதல், தசைத் துடிப்பு, மூச்சுத் திணறல் வரும். தோல் வழியாகவே உள்ளே போகும். இப்படி யாருக்காவது நேர்ந்தால் நனைந்த துணியைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். என்ன மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியான மாற்று மருந்து கொடுக்க முடியும்.

டப்பாவில் சாய்சதுரமாக ஒரு குறி இருக்கும். அதன் கீழ்ப்பாதி நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் மிகக் கடும் நஞ்சு, சோதனை விலங்கின் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை போதும். மஞ்சள் 51 முதல் 500 வரை. நீலம் 501 முதல் 5,000 வரை. பச்சை அதற்கு மேல். ஒன்றை மறக்காதீர்கள், பச்சை என்றால் நஞ்சே இல்லை என்று அர்த்தமில்லை. இந்த எண் ஒரே தடவையில் சாவதற்கான அளவு. வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வதை இந்த நிறம் சொல்லாது.

இந்த டிசம்பர் 3-க்கு என்ன செய்யலாம்?

போன வாரம் பக்கத்துக் காட்டுத் தம்பி, கையில் மஞ்சள் முக்கோண டப்பாவோடு வந்தார். "மேனேஜர் சார், காய்ல புழு தெரியுது. உங்க ஸ்பிரேயரைக் குடுங்க" என்றார். ஸ்பிரேயர் தரமாட்டேன் என்று சொல்லவில்லை. "வாங்க தம்பி, முதல்ல எண்ணிப் பார்ப்போம்" என்று கூட்டிப் போனேன். வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 20 செடி பார்த்தோம். இரண்டில்தான் புழு. நாலைந்து செடியில் பொறிவண்டு ஓடியது. மருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான்.

அன்று ராத்திரி வேப்பங்கொட்டைப் பருப்பு 5 கிலோவை இடித்து 10 லிட்டர் தண்ணீரில் ஊற வைத்தோம். மறுநாள் துணியில் வடிகட்டி, 100 லிட்டர் ஆக்கி, இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் காதி சோப்பு கரைத்தோம். சாயந்திரம்தான் அடித்தோம். வெயில் பட்டால் வேம்பின் வீரியம் சீக்கிரம் போய்விடும். இது புழுவை அன்றைக்கே கொல்லாது. தின்ன விடாமல் செய்யும், தோல் உரிக்க விடாது. இரண்டு நாள் பொறுக்க வேண்டும். அரை ஏக்கரில் மட்டும் அடித்திருக்கிறார். மீதிக்கு "பாத்துட்டுச் சொல்றேன் சார்" என்கிறார். டப்பாவை இன்னும் கடையில் திருப்பிக் கொடுக்கவில்லை. பரவாயில்லை, பார்த்துவிட்டே சொல்லட்டும். முடிவு அவர் நிலத்தில் அவருடையதாக இருக்கட்டும்.

நண்பர்களே, டிசம்பர் 3 அன்று உங்கள் ஊரில் பெரிய கூட்டம் போட வேண்டியதில்லை. மூன்று வேலை செய்யுங்கள். பரணில், மாட்டுக் கொட்டகையில் கிடக்கும் மருந்து டப்பாக்களைத் தேடிக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துப் பூட்டுங்கள். காலி டப்பாவில் தண்ணீரோ எண்ணெயோ ஊற்றி வைத்திருந்தால், டப்பாவை ஓட்டை போட்டுவிடுங்கள். அக்கம்பக்கத்தில் இருவருக்காவது அந்த நிறக் குறியைப் படிக்கச் சொல்லிக் கொடுங்கள். வேளாண் கல்வி தினத்துக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தோன்றவில்லை. மூன்றாவது, மட்குக் குழி ஒன்று போடுங்கள். டிசம்பர் 3-ல் போட்டால் மார்ச் தொடக்கத்தில் உரம் தயார். சித்திரைக் கோடை உழவுக்குச் சரியாக இருக்கும்.

நான் வருடா வருடம் அன்றைக்குத்தான் குழி போடுகிறேன். குழியை மூடிவிட்டுத்தான் அன்றைய தாளைக் கிழிப்பேன்.