"மண்ணு தானா செட் ஆயிடும் சார்!"

ஏரியோரத்து வயலில் சவுடு கொட்டி மனை போட்டவரிடம், "அடியில் களிமண்ணாயிற்றே?" என்று கேட்டுப் பாருங்கள். "ரெண்டு மழை பெய்ஞ்சா தானா செட் ஆயிடும் சார்" என்பார். அவர் சொல்வதில் பாதி உண்மை. சொல்லாத மீதிதான் பிறகு சுவரில் விரிசலாக வரும்.

களிமண் நாளடைவில் வலுப்பெறும்; அதில் சந்தேகமில்லை. இத்தாலியின் பீசா கோபுரம் இன்னும் நிற்பதற்கே அது ஒரு காரணம். 1173-ல் தொடங்கிய வேலை சில நிலைகள் எழும்பியதும் நின்றுபோய், 1272-ல்தான் மறுபடி தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் அடியிலிருந்த களிமண் இறுகிக்கொண்டது. ஒரே மூச்சில் கட்டியிருந்தால் அன்றே சரிந்திருக்கும் என்பது பிற்காலத்தில் அதை ஆராய்ந்த பொறியாளர்களின் கணிப்பு. ஆனால் வங்கிக் கடனில் ஃபிளாட் வாங்குகிறவரிடம் அத்தனை அவகாசம் ஏது?

களிமண் வலுப்பெறும் வழிகள் இரண்டு. முதலாவது, குலைந்த மண் தானே தேறிக்கொள்வது. இயந்திரம் புகுந்து கலக்கினாலோ, பைல் அடித்தாலோ, தட்டையான நுண்துகள்களுக்கு இடையே இருந்த பிணைப்பு குலைந்து மண் குழைந்துவிடும். அப்படியே விட்டுவைத்தால் ஈரம் குறையாமலேயே துகள்கள் மெல்ல மறுபடி பிணைந்து, இழந்த வலுவில் ஒரு பகுதி திரும்பும். மண்பாண்டம் செய்பவர்கள் பிசைந்த மண்ணை ஈரத்துணியால் மூடி ஊறப்போட்டு எடுக்கும்போது கைக்குச் சற்று விறைப்பாகத் தெரிவது இதனால்தான். பெரும்பாலான களிமண்ணில் இழந்தது முழுவதும் திரும்புவதில்லை.

இரண்டாவது வழிதான் வீடு வாங்குகிறவர் கவனிக்க வேண்டியது. மேலே பாரம் ஏறும்போது களிமண்ணுக்குள் இருக்கும் நீர் மெல்லக் கசிந்து வெளியேறும், துகள்கள் நெருங்கும், மண் கெட்டிப்படும். வெளியேறிய நீரின் அளவுக்குத் தரை கீழே இறங்கும். மண் 'செட் ஆகிறது' என்றால் தரை இறங்குகிறது என்றே அர்த்தம். ஒன்றை விட்டு மற்றொன்று நடக்காது.

அதற்கு எத்தனை நாள் ஆகும்? களிமண் படுகையின் கனம் மூன்று மடங்கானால், ஆகும் காலம் ஒன்பது மடங்காகும். 3 மீட்டர் படுகை இறுக ஓராண்டு ஆகுமென்றால், அதே மண்ணின் 9 மீட்டர் படுகைக்கு ஒன்பது ஆண்டு. 'ரெண்டு மழை' கணக்கு இங்கே செல்லாது. பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்நிலங்களில் மனை பார்ப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

"பைல் போட்டுத்தான் கட்டியிருக்கிறோம்" என்ற பதிலோடும் திருப்தியடைய வேண்டாம். பைல் மேல் நிற்கும் கட்டடம் நிற்கும். சுற்றியுள்ள நிரப்பு மண் இறங்கும். வாசற்படி பிரியும், கழிவுநீர்க் குழாய் இணைப்பில் உடையும். இறங்கும் மண் பைலையும் சேர்த்துக் கீழே இழுக்கும். வடிவமைப்பில் அந்தக் கூடுதல் பாரத்தைக் கணக்கிட்டிருக்க வேண்டும். இதற்கெல்லாம் தீர்வு இல்லாமல் இல்லை. களிமண்ணுக்குள் நெருக்கமாகச் செங்குத்து வடிகால் பட்டைகளை இறக்கி, மேலே மண்மேடு போட்டு அழுத்திவைத்தால், ஆண்டுக்கணக்கில் ஆவதை மாதக்கணக்கில் முடிக்கலாம். செலவு ஆகும், அவ்வளவுதான்.

ஆகவே முன்பணம் கொடுக்கும் முன்பே மண் பரிசோதனை அறிக்கையை எழுத்துமூலம் கேளுங்கள். எத்தனை மீட்டர் ஆழம் வரை துளையிட்டார்கள், களிமண் படுகையின் கனம் என்ன, எவ்வளவு அமிழும், எத்தனை ஆண்டில் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். தர மறுத்தால் அந்த மறுப்பே ஒரு பதில்தான்.

ரெரா சட்டத்தின் 14(3) பிரிவு, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை தெரியவந்து சொன்னால், கட்டுநர் 30 நாளில் கூடுதல் பணம் வாங்காமல் சரிசெய்ய வேண்டும் என்கிறது. செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். சிக்கல் என்னவென்றால், மண் தன் வேலையை ஐந்து ஆண்டில் முடித்துக்கொள்வதாக உறுதி கொடுக்கவில்லை. பல வீடுகளில் சட்டத்தின் கெடு முடிந்த பிறகும் தரை இறங்கிக்கொண்டே இருக்கும். முதல் விரிசலை 'பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடுவது கட்டுநருக்குத்தான் லாபம்.

ஒப்பந்ததாரரை வைத்துத் தனி வீடு கட்டியவர்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுதான் கெடு.

பக்கத்து மனைக்காரர் அடித்தளத்துக்கு ஆழமாகத் தோண்டி, இரவும் பகலும் நீர் இறைத்தால், பல ஆண்டு அசையாமலிருந்த உங்கள் வீட்டின் அடிமண்கூட மறுபடி இறங்கத் தொடங்கலாம். நிலத்துக்கு அண்டை நிலம் தரும் இயற்கையான தாங்கலை 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் உரிமையாகவே ஏற்கிறது. வீட்டின் பாரத்தோடு சேர்ந்த தாங்கல் என்றால், 20 ஆண்டு தடையின்றி அனுபவித்திருக்க வேண்டும். அந்த ஆண்டுக்கணக்கு இல்லாதவர்களும் கவனக்குறைவுக்காக நஷ்டஈடு கேட்க முடியும். எதிர்த்தரப்பு "இது பழைய விரிசல்" என்றுதான் சொல்லும். தோண்டும் முன்பே உங்கள் சுவர்களைத் தேதியோடு படம் எடுத்துவையுங்கள்.

பூச்சில் தெரியும் மயிரிழை விரிசலுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி நாளுக்கு நாள் அகலும் விரிசலும், திடீரென்று சாத்த முடியாமல் போகும் கதவும் வேறு கதை. விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி, மாதம் ஒருமுறை அகலத்தை அளந்து குறித்துவையுங்கள். வளர்ந்தால், கட்டுநரைச் சாராத ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள். அவர் அறிக்கையையும் படங்களையும் சேர்த்து, ஒப்புகை கிடைக்கும்படி தபாலிலும் மின்னஞ்சலிலும் கட்டுநருக்கு அனுப்புங்கள். ஐந்தாம் ஆண்டு முடிவதற்குள் அந்தக் கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.