பல்லு மேல பழியைப் போடாதீங்க!

ஈறு ஊறுகிற பிள்ளையை வீட்டிலேயே தேற்றிவிடலாம். காய்ச்சலையும் பேதியையும் பல்லின் கணக்கில் எழுதிவிட்டு உட்கார்ந்திருப்பதில்தான் ஆபத்து.

பெரம்பலூரிலிருந்து துறையூர் போகும் சாலையில் இருக்கிறது குரும்பலூர். சுற்றிலும் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். களை வெட்டவும் கதிர் ஒடிக்கவும் ஆள் தேவைப்படும் நாட்களில் கைக்குழந்தைக்காரியும் காட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். பிள்ளை தூளியில், காவலுக்கு அப்பாயியோ அம்மாயியோ. ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு என்ன வந்தாலும் அந்த வீடுகளில் பதில் தயாராக இருக்கிறது: "ஒண்ணுமில்ல, பல்லு மொளைக்குது."

வாணி வடிந்தாலும் அதே பதில். ராத்திரி சிணுங்கினாலும், ஊட்டும் சோற்றுக்கு முகத்தைத் திருப்பினாலும் அதேதான். உடம்பு அனலாய்க் கொதித்தாலும், பொழுது சாய்வதற்குள் ஏழெட்டுத் தடவை தண்ணியாய்ப் போனாலும்கூட அதே பதில். முதலில் சொன்னவை சரி. கடைசி இரண்டும் தப்பு. அந்த இரண்டைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

பல் செய்வதும் செய்யாததும்

பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறாம் மாதத்தையொட்டிக் கீழ்வரிசையின் நடுப்பல் எட்டிப் பார்க்கும். சிலதுக்கு நாலாம் மாதத்திலேயே. சிலதுக்கு வயசு ஒன்று நிறைந்த பிறகு. மூன்று வயதுக்குள் இருபது பாற்பற்களும் வந்து சேர்ந்துவிடும். மேல்பல் முதலில் வந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பது நம் பக்கத்துப் பேச்சு. மாமன்கள் நிம்மதியாக இருக்கலாம். வரிசை மாறி முளைப்பது இயற்கையில் நடப்பதுதான்.

ஒரு பல் முளைக்கையில் உண்மையிலேயே என்னென்ன நடக்கிறது? அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்து மருத்துவர்கள் இதை உட்கார்ந்து கணக்கெடுத்தார்கள். 125 குழந்தைகளின் பெற்றோர் தினமும் இரண்டு வேளை காய்ச்சல் பார்த்து, தொந்தரவுகளையும் முளைத்த பற்களையும் குறித்துவைத்தார்கள். முடிவு 2000-ல் வெளியானது. பல் வெளியே வருவதற்கு முந்தைய நான்கு நாள், வரும் நாள், அடுத்த மூன்று நாள் என மொத்தம் எட்டே நாள்தான் தொந்தரவு. கடித்தல், வாணி வடிதல், ஈறைத் தேய்த்தல், எரிச்சல், காதைத் தேய்த்தல், முகத்தில் சிறு தடிப்பு, திட உணவில் நாட்டமின்மை, லேசான உடம்புச் சூடு ஆகியவை அந்த நாட்களில் கூடின. அதிலும் எந்த ஒரு தொந்தரவும் நூற்றில் 35 குழந்தைகளுக்கு மேல் வரவில்லை.

பல்லோடு சேராதவற்றின் பட்டியல் இன்னும் முக்கியம். பேதி, வாந்தி, இருமல், மூக்கடைப்பு, 102 டிகிரிக்கு மேல் காய்ச்சல், பால் குடிப்பது குறைவது, இவை எதற்கும் பல்லோடு சம்பந்தம் இருக்கவில்லை. சோறு வேண்டாம் என்று அடம்பிடிக்கிற பிள்ளை பாலை விடாமல் குடித்தால் பல்லாக இருக்கலாம். பாலையும் ஒதுக்கினால் விஷயம் வேறு.

முதல் மருந்து சோப்பு

சுத்தமான விரலால் ஈறை மெல்ல அழுத்தித் தேய்த்துவிட்டால் குழந்தைக்குச் சுகமாக இருக்கும். இதைவிட எளிய வைத்தியம் கிடையாது. ஆனால், அந்த விரல் எதைத் தொட்டுவிட்டு வருகிறது என்று பார்க்க வேண்டிய ஊர் இது. வெங்காயம் ஆய்ந்த விரல் ஈறில் பட்டால் எரியும். அதோடு போய்விடும். பூச்சிமருந்து கலந்த கை அப்படியல்ல. 2017-ல் பெரம்பலூர் மாவட்டப் பருத்திக் காடுகளில் பூச்சிமருந்து அடித்தவர்கள் உயிரிழந்தது இங்கே யாருக்கும் மறந்திருக்காது. அடுத்த ஆண்டு படைப்புழு வந்த பிறகு மக்காச்சோளத்துக்கும் மருந்துத் தெளிப்பு கூடிவிட்டது. நகத்தை ஒட்ட வெட்டி, காட்டுச் சேலையை மாற்றி, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே கை பிள்ளையின் வாய்க்குப் போக வேண்டும்.

அடுத்தது குளிர்ச்சி. வெள்ளைப் பருத்தித் துணியைக் காய்ச்சி ஆறிய தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஒரு முனையில் முடிச்சுப் போட்டு, ஃப்ரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்து மெல்லக் கொடுக்கலாம். சில்வர் ஸ்பூனைக் குளிரவைத்து அதன் முதுகால் ஈறைத் தடவலாம். ஃப்ரீசரில் வைத்து இறுகியது எதுவும் ஆகாது. மெல்லிய ஈறைப் புண்ணாக்கிவிடும். கடிக்கப் பொம்மை கொடுப்பதானால் சாயம் பூசாத, துண்டாக உடையாத, தொண்டைக்குள் போகாத அளவுக்குப் பெரிய மரப்பாச்சி போதும். உள்ளே திரவம் நிரப்பிய ரப்பர் வளையங்கள் வேண்டாம்.

கூழ், குழைந்த தயிர்சோறு, மசித்த வாழைப்பழம் என எதையும் நன்றாக ஆறவிட்டு ஊட்டுங்கள். பச்சைக் கேரட், முறுக்கு, ரஸ்க் போன்றவற்றைக் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடக் கூடாது. ஈறாலேயே ஒரு துண்டை முறித்துவிடும் வலு பிள்ளைக்கு உண்டு. முறித்ததை மெல்லும் வித்தை இன்னும் வரவில்லை.

பால் குடிக்கையில் கடித்தால் வெடுக்கென்று இழுக்காமல் பிள்ளையை மார்போடு இன்னும் நெருக்கி அணையுங்கள். மூச்சுவிட வாயைத் திறக்கும். இல்லையென்றால் வாயோரம் சுண்டுவிரலை நுழைத்து விடுவிக்கலாம். வேப்பெண்ணெய் தடவிப் பாலை மறக்கடிக்க இது நேரமல்ல. தாடையிலும் கழுத்து மடிப்பிலும் வாணியைத் துடைத்துத் தேங்காயெண்ணெய் பூசினால் தோல் புண்ணாகாது.

இவ்வளவுதான் வீட்டு வைத்தியம். "உரைமருந்து கொடுத்து வளந்தவங்கதானே நாமெல்லாம்?" என்று கேட்கும் பாட்டிகள் இருக்கிறார்கள். அளவறிந்து கொடுத்தால் கெடுதல் இல்லை என்று சொல்லும் வைத்தியர்களும் இருக்கிறார்கள். ஆனால் உரைகல்லில் இழைக்கிற வசம்புக்கும் ஜாதிக்காய்க்கும் அளவு பார்க்க எந்த வீட்டிலும் தராசு இல்லை. ஈறில் தேன் தடவுவது ஒரு வயதுவரை அறவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பச்சிளம் குடலில் பெருகி நரம்புகளை முடக்கும் விஷத்தை உண்டாக்கிவிடும்.

பல்லுக்கு மருந்து விற்ற கதை

பல் முளைப்பதை நோயாக்கியவர்கள் நாம் மட்டுமல்ல. 1839-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 5,016 பேர் பல் முளைத்ததால் இறந்ததாகப் பதிவேட்டில் எழுதினார்கள். பேதியும் நிமோனியாவும் கொன்ற பிள்ளைகளின் கணக்கு பல்லின் தலையில் விழுந்தது. ஈறைக் கத்தியால் கீறிவிடுவது அப்போது படித்த மருத்துவர்களின் சிகிச்சை. அழுகையை நிறுத்த மார்ஃபின் கலந்த சிரப் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு இருந்தது.

பாதரசம் கலந்த பல்பொடியின் கதை இன்னும் கொடுமை. பல் முளைக்கும் குழந்தைக்கென்று விற்ற அந்தப் பொடியால் கையும் காலும் சிவந்து தோல் உரியும் ஒரு நோய் வந்தது. காரணம் தெரியாமல் பல பத்தாண்டுகள் ஓடின. 1939 முதல் 1948 வரை இங்கிலாந்து, வேல்ஸில் மட்டும் 585 குழந்தைகள் இதனால் இறந்ததாகப் பதிவாகியிருக்கிறது. 1954-ல் பொடியிலிருந்து பாதரசத்தை எடுத்தார்கள். சில ஆண்டுகளில் நோயும் காணாமல்போனது.

பழங்கதை என்று தள்ளவும் வழியில்லை. 2008-ன் கடைசியில் நைஜீரியாவில் பல் முளைக்கும் குழந்தைகளுக்கான சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் கலந்திருந்தது. 84 குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பலிகொண்ட இருமல் சிரப்பிலும் அதே விஷம்தான்.

ஈறை மரத்துப்போகச் செய்யும் பென்சோகைன் ஜெல்லை இரண்டு வயதுக்குள் பூசவே கூடாது என்று 2018-ல் அமெரிக்காவில் எச்சரித்தார்கள். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் பிள்ளை நீலம் பாரித்துவிடும். வாய்ப்புண்ணுக்கு வாங்கிவைத்த ஜெல்லை எடுத்து ஈறில் தேய்க்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கழுத்தில் போடும் 'பல்மணி' மாலைக்கும் அதே ஆண்டு எச்சரிக்கை வந்தது. மாலை இறுக்கித் தூக்கத்திலேயே ஒரு குழந்தை இறந்திருந்தது. தூளியில் போடும் முன் கழுத்துக் கயிறு, பாசிமணி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

வலிக்கு பாரசிட்டமால் தரலாமா? டாக்டர் எடைபார்த்துச் சொன்ன அளவில் மட்டும் தரலாம். சொட்டு மருந்தாக வருவதில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125 அல்லது 250 மில்லிகிராம்தான். சிரப்புக்குச் சொன்ன ஐந்து மில்லியைச் சொட்டு மருந்துப் பாட்டிலிலிருந்து ஊற்றினால் பிஞ்சு உடம்புக்குள் 500 மில்லிகிராம் போய்விடும். பெயரைப் பார்த்தால் போதாது, அளவையும் படிக்க வேண்டும்.

பேதி எங்கிருந்து வருகிறது?

"ஆனா, பல்லு வர்ற நேரத்துலதானே வயித்தால போவுது?" நியாயமான கேள்வி. ஆறாம் மாதத்தில் நான்கு விஷயங்கள் ஒன்றாக வருகின்றன. தாயிடமிருந்து கிடைத்த எதிர்ப்புச் சக்தி அப்போதுதான் குறைகிறது. இணை உணவு ஆரம்பிக்கிறது. அதோடு கிண்ணம், ஸ்பூன், தண்ணீர் வழியாகக் கிருமியும் வருகிறது. குழந்தை தவழத் தொடங்கி, கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிறது. பல்லும் முளைக்கிறது. இந்த நாலில் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவது பல் மட்டும்தான். மற்ற மூன்றும் தப்பித்துவிடுகின்றன.

பழி பல்லின் மேல் விழுந்ததும் வீட்டில் நடப்பதுதான் கவலை. யாரும் பதறுவதில்லை. "பல்லு வெளிய வந்தா தானா நின்னுரும்" என்று பாலை நிறுத்திப் பார்ப்பார்கள். அடுத்து உரம் விழுந்திருக்கிறதென்று முறத்தில் போட்டு உருட்ட ஒருவர் வருவார். தொக்கம் எடுக்க இன்னொருவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அம்மா காட்டிலிருந்து திரும்புவதற்குள் ஒரு பகல் போய்விடுகிறது. ஏழு கிலோ எடையுள்ள உடம்பிலிருந்து ஒரு பகலில் வெளியேறும் தண்ணீர் சாதாரணமல்ல.

தண்ணியாய்ப் போகத் தொடங்கியதுமே ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைப் பிரியுங்கள். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதையும் கரைக்க வேண்டும். பாதிப் பொடி, அரை டம்ளர் தண்ணீர் என்று கண்ணளவில் கரைப்பது ஆபத்து. ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி வரை, ஸ்பூனாலோ பாலாடையாலோ கொஞ்சம் கொஞ்சமாக. 24 மணி நேரம் தாண்டினால் மீதியைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்கவும். தாய்ப்பாலை ஒருவேளைகூட நிறுத்தக் கூடாது. கூடவே துத்தநாக மாத்திரை: ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்குத் தினம் 20 மில்லிகிராம், பேதி நின்ற பிறகும் சேர்த்து மொத்தம் 14 நாள். கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டால் இரண்டும் காசில்லாமல் கிடைக்கும். அட்டைப் பெட்டியில் வரும் இனிப்பு பானங்கள் ஓ.ஆர்.எஸ். அல்ல. தகுந்த கலவை இல்லாத பானத்துக்கு அந்தப் பெயரை வைக்கக் கூடாதென்று 2025 அக்டோபரில் உத்தரவே வந்திருக்கிறது.

எப்போது கிளம்ப வேண்டும்? உச்சிக்குழி பள்ளமாகியிருந்தால், அழும்போது கண்ணீர் வராவிட்டால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், பாலை உறிஞ்ச முடியாமல் துவண்டால். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினாலும் பல்லை மறந்துவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். காதைத் தேய்ப்பதோடு காய்ச்சலும் இருந்தால் காதில் சீழ் பிடித்திருக்கலாம். வலிப்பு வந்தால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் 108. ராத்திரியில் சந்தேகம் கேட்க 104.

யாழ்ப்பாணத்தில் முதல் பல் வந்தால் பல்லுக்கொழுக்கட்டை அவிப்பார்கள். தேங்காய்ச் சில்லைப் பல்லாகச் செருகிய கொழுக்கட்டைகளைப் பிள்ளையின் தலைமேல் மெல்லக் கொட்டி, சொந்தபந்தம் கூடிச் சிரிக்கும். பல்லுக்குப் பொருத்தமான மரியாதை அதுதான். பல் வந்த அன்றிலிருந்தே சுத்தத் துணியால் துடைக்கப் பழகுங்கள். ராத்திரி பால் பாட்டிலை வாயிலேயே விட்டுத் தூங்கவைக்காதீர்கள்.

ஜெல்லுக்கும் பொடிக்கும் செலவழிக்கும் காசில் ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். பிரிக்காத இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டோடு, ஒரு லிட்டர் அளவு குறித்த பாத்திரத்தோடு, தூளி கட்டியிருக்கும் அறையிலேயே வையுங்கள். முக்கியமாக, ஓ.ஆர்.எஸ். கரைக்கும் விதத்தை அம்மாவுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாது. பகல் முழுக்கப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அப்பாயிதான். அவர் கையால் ஒருமுறை கரைக்கவைத்துப் பாருங்கள்.