படகு, பந்தல், இருவர்: கல்யாண நாள் பயணம் குறித்துச் சில குறிப்புகள்

'எங்கேயாவது போயிட்டு வரலாமா, நாம ரெண்டு பேர் மட்டும்' என்கிற வாக்கியத்தை உச்சரிக்கத் தமிழ் நடுத்தரக் குடும்பத்துக்கு வெகுகாலம் பிடித்தது. இதில் 'எங்கேயாவது' ஒன்றும் பிரச்சினையில்லை. பழனிக்கும் திருப்பதிக்கும் வேளாங்கண்ணிக்கும் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். 'ரெண்டு பேர் மட்டும்' என்பதுதான் சிக்கல். மாமியாரை விட்டுவிட்டு, பிள்ளைகளை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு, எந்த நேர்த்திக்கடனும் இல்லாமல், சும்மா இருப்பதற்காக ஒரு ஊருக்குப் போவது. இந்தச் 'சும்மா'வுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. கல்யாண நாள் அந்தக் காரணத்தைத் தந்தது.

கல்யாண நாளைக் கொண்டாடுவது மேல்நாட்டு இறக்குமதி, நுகர்வுக் கலாச்சாரத்தின் சதி என்று நம் தோழர்கள் சிலர் எடுத்த எடுப்பில் ஒதுக்கிவிடுவார்கள். கொஞ்சம் நிதானிக்கலாம். இங்கே தம்பதிகளுக்கென்று ஏற்கெனவே இருந்த சடங்குகள் எவை? அறுபதில் சஷ்டியப்தபூர்த்தி, எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம். எல்லாம் கணவனின் வயசுக் கணக்கு. அவருக்கு அறுபது முடிந்தால் அவளுக்கு இன்னொரு தாலி. அவளுக்கு அறுபது முடிந்தால் ஒன்றுமில்லை. திருக்கடையூரில் இன்றும் வரிசையில் நிற்கும் ஜோடிகள் தம்பதியாகத்தான் படமெடுத்துக்கொள்கிறார்கள், ஆனால் காலம் ஆணின் உடம்பில்தான் அளக்கப்படுகிறது. கல்யாண நாள் அப்படியல்ல. அது இருவரும் சேர்ந்து தொடங்கிய ஒரு தேதியிலிருந்து எண்ணுகிறது. சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு கிடைத்த 1967-68க்குப் பிறகு, புரோகிதரும் முகூர்த்தமும் இல்லாத ஜோடிகளுக்கு அந்தத் தேதி ஒன்றுதான் சடங்கு. கடையில் கேக் விற்கிறவன் இந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டான் என்பது உண்மைதான். அதற்காகத் தேதியையே அவனிடம் விட்டுவிட வேண்டியதில்லை.

அஸ்தினாபுரம் மாதிரியான ஒரு புறநகரை எடுத்துக்கொள்வோம். குரோம்பேட்டைக்கும் செம்பாக்கத்துக்கும் நடுவே, தென்மாவட்டங்களிலிருந்து வந்து மனை வாங்கி, பிரிவு பிரிவாய் வீடு கட்டிக்கொண்டவர்கள் நிறைந்த ஊர். 2021 முதல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்திருக்கிறது. ஒரு படுக்கையறை, ஒரு ஹால், ஊரிலிருந்து வந்து தங்கும் அப்பா, பத்தாவது படிக்கும் பெண். அவர் ஜிஎஸ்டி சாலையில் ஒரு திசை, இவர் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு திசை. இருவரும் தனியாகப் பேசிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் ஸ்கூட்டர்தான். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து. இந்த நிலையில் 'தனிமை' என்பது ஒரு ஆடம்பரம் என்று எழுதுகிறவர்கள் யாருடைய வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. தனிமை வீட்டிலிருந்து பறிக்கப்பட்டு, பிறகு இரண்டு இரவு மூன்று பகல் என்று பொட்டலம் கட்டி விற்கப்படுகிறது. விற்பனையைப் பற்றிப் பேசுமுன் பறிப்பைப் பற்றிப் பேச வேண்டாமா?

அந்தப் பொட்டலத்துக்குள் தவறாமல் மூன்று குறிகள் உண்டு: ஒரு ஏரி, ஒரு கோப்பை ஒயின், பின்னணியில் ஒரு கொடித்தோட்டம். விளம்பரப் பிரதியில் இவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இயற்கையாக முளைத்தவை போல நிற்கும். பிரித்துப் பார்த்தால் மூன்றும் மூன்று கதை.

முதலில் ஒயின். தமிழில் 'ஒயின்ஷாப்' என்ற சொல்லுக்கு ஒயினோடு உறவு மிகக் குறைவு. அங்கே விற்றதும் விற்பதும் பெருமளவில் பிராந்தி, ரம், பீர். அந்தப் பிராந்தியும் பெரும்பாலும் திராட்சையைக் கண்டதில்லை. கரும்பு ஆலைக் கழிவான மொலாசஸ் சாராயத்தில் நிறமும் மணமும் ஏற்றியது. 1983இல் டாஸ்மாக் மொத்த விற்பனைக்காக உருவானது, 2003இல் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டது. தனியார் 'ஒயின்ஸ்' பலகைகள் இறங்கின, சொல் மட்டும் தெருவில் தங்கிவிட்டது. ஆக, அஸ்தினாபுரத்துப் பெண் ஒருத்திக்கு 'ஒயின்ஷாப்' என்றால் சாயங்காலம் சுற்றிப்போக வேண்டிய ஒரு முனை, சம்பளத் தேதியின் பயம், ஒரு வாடை. 2017இல் நெடுஞ்சாலைக் கடைகள் மூடப்பட்டு ஊருக்குள் நகர்ந்தபோது பல இடங்களில் அவற்றை அடித்து நொறுக்கியவர்கள் பெண்கள்தான். அதே 'ஒயின்' என்ற ஒலி, விடுதியின் அட்டையில் மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் வந்ததும் காதல் என்று குறிப்பீடு மாறிவிடுகிறது. குறிப்பான் ஒன்றே, வர்க்கம் இரண்டு. ரசனை என்பது வர்க்கம் தன்னை வேறுபடுத்திக்கொள்ளும் வழி என்று பியர் பூர்தியு 1979இல் ஒரு தடித்த புத்தகமே எழுதிக் காட்டினார். இங்கே வர்க்கத்தோடு பாலினமும் வேலை செய்கிறது: அவர் குடிப்பது பழக்கம், அவளும் சேர்ந்து ஒரு வாய் குடித்தால் அது 'அனுபவம்'. அதுவும் ஊரைவிட்டு நானூறு கிலோமீட்டர் தள்ளி, யாருக்கும் தெரியாமல்.

இனி ஏரி. அஸ்தினாபுரத்தைச் சுற்றி நெமிலிச்சேரி, செம்பாக்கம், சிட்லபாக்கம் என்று ஏரிகள். இவற்றுக்கு ஒரு காலத்தில் மதகும் கலங்கலும் ஆயக்கட்டும் இருந்தன. ஆயக்கட்டு வயல்கள் மனைகளாகிவிட்ட பிறகு ஏரி வேலையிழந்தது. வேலையிழந்த ஏரி முதலில் சாக்கடைத் தொட்டியாகிறது, பிறகு யாராவது போராடிச் சுத்தம் செய்தால் நடைபாதையாகிறது, உடனே எதிரே 'லேக் வியூ' என்று ஒரு அடுக்ககம் எழும்புகிறது. உழைக்கும் நிலம் உழைப்பு நின்ற பிறகுதான், அல்லது உழைப்பு மறைக்கப்பட்ட பிறகுதான், காட்சியாகிறது என்று ரேமண்ட் வில்லியம்ஸ் ஆங்கில நாட்டுப்புறத்தைப் பற்றி 1973இல் வாதிட்டார். கரையில் நடப்பதற்குக் காசில்லை. ஆனால் பக்கத்துத் தெருக்காரர் பார்ப்பார், போலீஸ்காரர் 'நீங்க யாரு, இவங்க யாரு' என்பார். ஆகவே பார்ப்பதற்கென்றே செய்யப்பட்ட ஏரிக்குப் பஸ் ஏற வேண்டும். கொடைக்கானல் ஏரி அப்படிப்பட்டது. 1863இல் வெர் ஹென்றி லெவிஞ்ச் ஓடைகளை மறித்து உண்டாக்கியது, வயலுக்கு அல்ல, வெள்ளைக்காரர்களின் படகுக்கும் மாலைநேரத்துக்கும். அதே ஊரில் பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை ஒன்று 2001 வரை ஓடியதும், அதன் முன்னாள் தொழிலாளர்கள் நஷ்டஈட்டுக்கு 2016 வரை காத்திருந்ததும் எந்தத் தேனிலவு அட்டையிலும் வராது.

ஆனால் 'ஏரிக்கரையில் திராட்சை நாடு' என்ற அந்த விளம்பரக் கனவுக்குத் தமிழகத்தில் உண்மையாகவே ஒரு இடம் உண்டு. கிளாம்பாக்கத்தில் ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது கம்பம். கொஞ்சம் மேலே ஏறினால் குமுளி, தேக்கடி, படகு. இந்த ஏரியும் அந்தத் தோட்டமும் ஒரே அட்டையில் தற்செயலாய்ச் சேர்ந்தவை அல்ல. ஒன்றின் நீர்தான் மற்றதன் வேரில்.

தேக்கடி ஏரி இயற்கை ஏரி இல்லை. 1886இல் திருவிதாங்கூரிடம் 999 ஆண்டுக் குத்தகைக்கு எண்ணாயிரம் ஏக்கர் வாங்கி, பென்னிகுக் தலைமையில் கட்டி 1895இல் முடித்த முல்லைப் பெரியாறு அணையின் முதுகுப்பக்கம் தேங்கிய தண்ணீர் அது. மேற்கே ஓடிக் கடலில் கலக்கவிருந்த ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். கட்டும்போது காய்ச்சலிலும் காலராவிலும் செத்த கூலிகளுக்குச் சரியான கணக்கே கிடையாது. காட்டுக்குள் வாழ்ந்த மன்னான், பளியர் குடிகள் காலப்போக்கில் குமுளி ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். 1934இல் மகாராஜா அந்த நீரைச் சுற்றி ஒரு சரணாலயம் அமைத்தார். பிறகுதான் அது யானை பார்க்கும் படகுத்துறையானது. நீருக்குள்ளிருந்து கறுப்பாய் நீட்டிக்கொண்டிருக்கும் பட்ட மரங்களைப் பயணிகள் ஆசையாய்ப் படமெடுப்பார்கள். மூழ்கிய காட்டின் மிச்சம் அது. 2009 செப்டம்பர் 30இல் அங்கே ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததும் அந்த நீரின் வரலாறுதான்.

அந்தத் தண்ணீர் சுரங்கம் வழியாக வந்து, லோயர் கேம்ப்பில் மின்சாரமாகி, முல்லையாறாய்க் கூடலூர், கம்பம், உத்தமபாளையம் என்று இறங்குகிறது. நெல்லுக்குப் போனது போக, கிணறுகளில் ஊறி, கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல்களில் கறுப்புத் திராட்சையாகிறது. ஊரில் பன்னீர் திராட்சை. 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. வெளிநாட்டுத் திராட்சைகள் ஆண்டுக்கொரு தரம் காய்க்கும்போது இங்கே ஏதாவது ஒரு தோட்டத்தில் ஆண்டு முழுக்க அறுவடை. அதனால்தான் சுருளிப்பட்டிப் பக்கம் எந்த மாதம் போனாலும் குலை தொங்கும் பந்தலடியில் செல்ஃபி சாத்தியம். கவாத்து வெட்டிய நாளிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதம். கொடியைக் கம்பியில் கட்டுவது, இலை கிள்ளுவது, குலையில் சொத்தைக் காய்களைக் கழிப்பது, பெட்டியில் அடுக்குவது, இவற்றில் பெரும்பங்கு பெண்களின் தினக்கூலி வேலை. அண்ணாந்தபடி செய்ய வேண்டியது. பயணி அண்ணாந்து பார்ப்பது ஐந்து நிமிடம்.

ஒரு வேடிக்கை. ஒயின் என்றதும் நினைவுக்கு வரும் பிரெஞ்சுப் பெயர் போர்டோ. கம்பத்துக்கு அங்கிருந்து வந்து சேர்ந்தது ஒயின் அல்ல, மருந்து. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து அடிச்சாம்பல் நோய்க்கு அடிக்கும் நீலக் கரைசலுக்குப் 'போர்டோ கலவை' என்றுதான் பெயர். போர்டோ வட்டாரத்தில் வழிப்போக்கர்கள் குலையைத் திருடாமலிருக்க, சாலையோரக் கொடிகளுக்கு இந்தத் துத்தநீலத்தைப் பூசிவைத்தார்களாம். பூசிய கொடிகளில் நோய் இல்லாததை மில்லார்தே என்ற தாவரவியலாளர் கவனித்து 1885இல் முறையாக எழுதினார். சும்மா போகிறவனை விரட்டச் செய்த ஏற்பாடு பயிர்ப் பாதுகாப்பு விஞ்ஞானமாகியது.

ரொலாண் பார்த் 1957இல் வெளிவந்த 'மிதாலஜிஸ்' தொகுப்பில் ஒயினைப் பற்றி எழுதியது நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். பிரெஞ்சுக்காரனுக்கு ஒயின் எப்படி ஒரு தேசியத் தொன்மமாகிறது என்று விரித்துக்கொண்டே போனவர், கட்டுரையின் கடைசியில் அல்ஜீரியாவுக்குத் தாவுவார். நிலம் பறிக்கப்பட்ட முஸ்லிம்கள், ரொட்டிக்கு வழியில்லாத இடத்தில், தங்களுக்குத் தேவையற்ற திராட்சையைக் குடியேறிகளுக்காக வளர்க்க நேர்ந்ததைச் சுட்டுவார். சுவை உண்மையானதுதான், ஆனால் சுவையைப் பற்றிய தொன்மம் அபகரிப்பை மறைக்கிறது என்பது அவர் பேச்சின் சாரம்.

இந்தியாவில் இதற்கு ஒப்பான இடம் நாசிக். கோதாவரியின் கங்காபூர் அணைநீரையொட்டித் திராட்சைத் தோட்டங்கள், ஒயின் ஆலைகள், ஜோடிகளுக்கான விடுதிகள். 2001இல் மகாராஷ்டிர அரசு ஒயின் தொழிலுக்கென்று தனிக்கொள்கை வகுத்துச் சலுகைகள் தந்தது. அதே நாசிக்கில் 1930இல் அம்பேத்கர் தலைமையில் காலாராம் கோயில் நுழைவுப் போராட்டம் நடந்தது. அதே நாசிக்கிலிருந்து 2018 மார்ச்சில் ஆயிரக்கணக்கான விவசாயிகள், பெரும்பாலும் ஆதிவாசிகள், தாங்கள் உழும் வனநிலத்துக்குப் பட்டா கேட்டு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நடந்து மும்பைக்குப் போனார்கள். வெடித்த பாதங்களின் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. ஒயின் சுற்றுலா அட்டையின் பின்பக்கம் அது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு என்ன செய்வது, படகில் ஏறக்கூடாதா என்று கேட்பார்கள். அப்படியொரு துறவை யாரும் கோரவில்லை. தேக்கடியில் படகேறும் அஸ்தினாபுரத்து ஜோடியைப் பார்த்து நகைப்பது மிகச் சுலபமான விமர்சனம், சோம்பேறித்தனமான விமர்சனமும்கூட. இருவராக இருப்பதே இந்த மண்ணில் எல்லோருக்கும் கொடுத்துவைத்ததல்ல. 2015 ஜூலையில் சாதி மீறி மணந்த உடுமலைப்பேட்டை சங்கர், 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். ஒரு கல்யாண நாள்கூட வரவில்லை. மணமாகாத இருவர் விடுதியில் ஒரே அறையில் தங்குவது குற்றமாகாது என்று சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது 2019இல். அதற்குப் பிறகும் விடுதி மேசைகளில் 'மேரேஜ் ப்ரூஃப் இருக்கா' என்ற கேள்வி நிற்கவில்லை. அந்தக் கேள்விக்குக் கூச்சமில்லாமல் தாலியைக் காட்ட முடிந்தவர்களுக்குத்தான் இந்த ஏரியும் கோப்பையும் கொடியும்.

அப்புறம், யாருக்கு ஓய்வு என்ற கேள்வி இருக்கிறது. போவதற்கு முந்தைய நாள் மாமனாருக்கு இரண்டு நாள் குழம்பு வைத்து ஃபிரிட்ஜில் அடுக்குகிறவள் அவள். துணி எடுத்துவைத்து, மாத்திரை எடுத்துவைத்து, பிள்ளைக்குப் பணம் கொடுத்து, பக்கத்து வீட்டில் சாவி சொல்லிவிட்டுப் போகிறாள். திரும்பி வந்ததும் மூன்று நாள் அழுக்கு. அவருடைய விடுமுறையின் இரு முனைகளிலும் அவளுடைய உழைப்பு. ஆனாலும் அந்த இரண்டு நாளில் யாரோ சமைத்ததை அவள் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். கேட்டுப் பாருங்கள், ஏரியை விட, ஒயினை விட, 'அடுப்படிக்குப் போகவே இல்லை' என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். விளம்பரம் தெரியாமல் சொல்லிவிடும் உண்மை இதுதான். அதற்கு அட்டையில் படம் கிடையாது.

இந்த உண்மையிலிருந்து தொடங்கினால் பேச்சு சுற்றுலாவைவிட்டு நேரத்துக்கு வந்துவிடும். 1923இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியதிலிருந்து நூறாவது ஆண்டில், 2023 ஏப்ரலில், பன்னிரண்டு மணிநேர வேலைக்கு வழிசெய்யும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, மே 1 அன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவித்தார்கள். அன்று பேசப்பட்டது கூலி, உற்பத்தி, முதலீடு. இருவர் சேர்ந்து ஒரு மாலையில் வீட்டில் இருக்கும் நேரம் என்று யாரும் பேசியதாக நினைவில்லை. கம்பத்துப் பந்தலில் கூலிக்கு நிற்கும் பெண்ணுக்குச் சம்பளத்தோடு ஒரு விடுப்பு நாளும் கிடையாது. அவளுக்கும் ஒரு கல்யாணத் தேதி இருக்கிறது.