பழி பானை மேல், காரீயம் வேறெங்கோ

ஸ்லோ குக்கர் என்பது அமெரிக்கச் சமையலறையின் பழைய வேலையாள். இர்விங் நாக்சன் என்பவர் உருவாக்கிய மின்பானையின் உரிமையை ரைவல் நிறுவனம் வாங்கி, 1971இல் 'கிராக்-பாட்' என்று பெயர் சூட்டி விற்றது. காலையில் இறைச்சியையும் தக்காளியையும் போட்டு மூடிவிட்டு வேலைக்குப் போனால், மாலையில் சாப்பாடு தயார். உள்ளே இருப்பது மெருகுப்பூச்சு கொண்ட பீங்கான் பானை. அந்தப் பூச்சில் காரீயம் இருக்கிறது, எட்டு மணி நேரம் புளிப்பான குழம்பு சூட்டில் கிடந்தால் அது உணவில் இறங்கிவிடும் என்ற அச்சம் அங்கே பல ஆண்டுகளாக அடங்குவதாயில்லை. புளிப்பு, சூடு, நேரம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் உலோகம் கரையும் என்பது வேதியியல்படி சரிதான். ஆனால் பயப்பட வேண்டிய பாத்திரம் இதுவல்ல என்பதே என் கட்சி.

மெருகுப்பூச்சு என்பது களிமண் மேல் உருகிப் படிந்த கண்ணாடி. கண்ணாடிக்கு மூலமான சிலிக்கா தனியாக உருக ஏறத்தாழ 1,700 டிகிரி செல்சியஸ் வேண்டும். சாதாரணச் சூளையில் அந்த வெப்பம் எழாது. அதனால் உருகுநிலையைத் தாழ்த்த ஏதாவது ஒன்றைக் கலக்க வேண்டும். காரீய ஆக்சைடு அதற்கு மலிவான, கைப்பழக்கமான பொருள், பளபளப்பும் தரும். மெக்சிகோவின் கிராமத்துக் குயவர்கள் 1,000 டிகிரிக்குக் கீழே சுடும் பாத்திரங்களில் இன்றும் அது புழங்குகிறது. குறைந்த வெப்பத்தில் சுட்ட பூச்சில் காரீயம் கண்ணாடியோடு முழுதாகப் பிணைவதில்லை. எலுமிச்சையும் தக்காளியும் அதைப் பிரித்தெடுத்துவிடும். கனடாவின் மான்ட்ரியல் நகரில், மெருகிட்ட மண்சாடியில் வைத்திருந்த ஆப்பிள் சாற்றைக் குடித்து வந்த குழந்தை காரீய நஞ்சேறி இறந்ததை 1970இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அந்தச் சாடி அடுப்பைப் பார்க்கவே இல்லை. ஸ்லோ குக்கரின் பானை வேறு இனம். அது வழக்கமாக 1,200 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் சுடப்படும் கெட்டிப் பீங்கான். அந்த வெப்பத்தில் ஃபெல்ட்ஸ்பார் போன்ற கனிமங்களே உருக்கும் வேலையைச் செய்துவிடும். காரீயத்துக்கு அங்கே தேவையே இல்லை.

அப்படியானால் கருவி வைத்துப் பார்க்கும்போது காரீயம் தென்படுகிறதே என்று கேட்கலாம். எக்ஸ்-கதிர்க் கருவி காட்டுவது பாத்திரத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதை. அதிலிருந்து எவ்வளவு வெளியேறுகிறது என்பதை அல்ல. பூமியின் மேலோட்டிலேயே பத்து லட்சத்தில் பதினைந்து பங்கு அளவில் காரீயம் உண்டு. மண்ணால் செய்த எதை அளந்தாலும் ஏதோ ஓர் எண் வரத்தான் செய்யும். அந்த எண்ணைப் பார்த்துப் பானையைத் தூக்கி எறிபவர்கள் அளவை விட்டுவிட்டுப் பெயருக்குப் பயப்படுகிறார்கள்.

இன்னோர் ஆட்சேபம் வலுவானது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் சோதனையில், பாத்திரத்தில் 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை ஊற்றி அறை வெப்பத்தில் 24 மணி நேரம் வைக்கிறார்கள். பெரிய குழிவுப் பாத்திரத்துக்கு ஒரு மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் காரீயம் வரை அனுமதி. அதே நிர்வாகம் ஒரு குழந்தையின் உணவில் நாளொன்றுக்கு 2.2 மைக்ரோகிராமைத்தான் கவனிக்க வேண்டிய எல்லையாக வைத்திருக்கிறது. வரம்பின் விளிம்பில் தேறிய பானையிலிருந்து நூறு மில்லிலிட்டர் சூப் குடித்தால், கணக்குப்படி நூறு மைக்ரோகிராம்! சூட்டில் சமைக்கும் பாத்திரத்தை ஆறிய அமிலத்தில் சோதிப்பதும் விசித்திரம்தான். விதி பழசாகிவிட்டது என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் விதி தளர்வாக இருப்பதால் காரீயமே கலக்காத பூச்சில் காரீயம் வந்துவிடாது. ஆகவே தயாரிப்பாளரிடம் கேட்க வேண்டியது "தேறியதா" என்றல்ல. பூச்சில் காரீயம் சேர்த்தீர்களா, சோதனையில் எவ்வளவு வெளியேறியது என்றுதான். பூச்சில் மயிரிழை விரிசல் ஓடிய பானையையும், ஊர் பேர் தெரியாத வண்ணச் சட்டியையும் எந்தப் பதிலுக்கும் காத்திராமல் ஒதுக்கலாம்.

நிஜமான சிக்கல் உலோகப் பாத்திரத்தில் இருக்கிறது, அது நம் வீட்டுக்கும் பக்கம். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் அடங்கிய கிங் கவுண்டியில், ஆப்கானிஸ்தானிலிருந்து குடியேறிய குடும்பங்களின் குழந்தைகளுக்கு ரத்தத்தில் காரீயம் கூடுதலாக இருந்தது. தேடிப் போன அதிகாரிகள் அவர்கள் கொண்டு வந்த அலுமினிய பிரஷர் குக்கர்களையும் பாத்திரங்களையும் சோதித்தபோது, பலவற்றிலிருந்து காரீயம் கசிந்தது. ஆஷ்லண்ட் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி வைடன்ஹேமர் குழு, இந்தியா உட்படப் பத்து நாடுகளில் வாங்கிய 42 பாத்திரங்களைச் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பாத்திரங்கள் காரீய ஆபத்து கொண்டவை. காரணம் எளிது. காயலான் கடைக்கு வரும் பழைய எஞ்சின் பாகம், ரேடியேட்டர், மின்னணுக் கழிவு எல்லாம் ஒரே உலையில் உருகிப் பாத்திரமாக வார்க்கப்படுகின்றன. பழைய ரேடியேட்டரின் பற்றாசில் காரீயம் உண்டு. உருகும்போது அது எங்கும் போய்விடுவதில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் விடுத்த எச்சரிக்கையில் அலுமினியம், பித்தளையோடு இண்டாலியமும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டது.

இண்டாலியம் என்றாலே நஞ்சு என்று இதற்குப் பொருளில்லை. சுத்தமான உலோகத்தில் வார்த்தால் அதில் காரீயம் வர வழியில்லை. கண்ணால் பார்த்து வேறுபாடு சொல்ல முடியாது என்பதுதான் தொல்லை. புளிக்குழம்பும் ரசமும் தக்காளித் தொக்கும் கொதிக்கும் சமையலுக்கு அது சிறிய தொல்லையல்ல. ரசம் வைக்கும் ஈயச் சொம்புக்கும் இதே நியாயம்தான்: அது வெள்ளீயமாக மட்டும் இருந்தால் பயமில்லை, விலையைக் குறைக்கக் காரீயம் கலந்திருந்தால் புளி அதைக் கரைக்கும். பித்தளைக்குக் கலாய் பூசும்போதும் அப்படியே.

தலைமுறை தலைமுறையாக இதில்தான் சமைத்தோம், என்ன ஆயிற்று என்பார்கள். குறைந்த அளவுக் காரீயம் காய்ச்சலோ வாந்தியோ தருவதில்லை. குழந்தையின் கற்கும் திறனைச் சற்றே குறைத்துவிட்டுப் போகும். அப்படிக் குறைந்ததை எந்தப் பாட்டியும் அளந்து வைத்திருக்க முடியாது. உட்கொண்ட காரீயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகச் சிறு குழந்தைகளின் உடல் ஈர்த்துக்கொள்கிறது. இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் இன்னும் கூடும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். யுனிசெஃப்பின் 2020 அறிக்கை, ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயமுள்ள இந்தியக் குழந்தைகள் 27.5 கோடி என்று மதிப்பிட்டது. அத்தனைக்கும் பாத்திரம் காரணமல்ல; பழைய பேட்டரி உருக்கும் பட்டறையும், கலப்பட மஞ்சள்தூளும், பெயின்ட்டும் உண்டு. ஆனால் பாத்திரத்தை மாற்றுவது நம் கையில் இருக்கிறது.

புளிப்பான சமையலுக்கு ஐ.எஸ்.ஐ முத்திரை உள்ள எவர்சில்வர் போதும். இரும்புச் சட்டி தோசைக்கும் பொரியலுக்கும் இருக்கட்டும். எடைக்கு வாங்கிய, பெயரில்லாத வார்ப்புச் சட்டியில் பல வருடம் குழம்பு வைத்த வீட்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால், சட்டியை மாற்றுவதோடு நிற்காமல் ரத்தத்தில் காரீய அளவையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.