கைகள் இல்லாத கதாநாயகியும் 706 என்ற எண்ணும்

கே.கே. நகரில் குடியிருப்பவர்கள் முகவரியின் கடைசியில் ‘மதுரை – 20’ என்று எழுதுவார்கள். தபால் பிரிப்பவருக்கு அந்த 20 போதும், கடிதம் சரியான பைக்குப் போய்விடும். உலகத்து நாட்டுப்புறக் கதைகளுக்கும் இப்படி ஒரு பின்கோடு இருக்கிறது. பின்லாந்துக்காரர் ஆன்டி ஆர்னே 1910இல் வெளியிட்ட பட்டியல் அது. அமெரிக்கர் ஸ்டித் தாம்சன் அதை விரித்தார். ஜெர்மானியர் ஹான்ஸ்-யோர்க் ஊதர் 2004இல் புதுப்பித்தார். ஊரும் பெயரும் மாறினாலும் ஒரே கட்டுமானம் கொண்ட கதைகளுக்கு ஒரே எண் தருவார்கள். இதைக் ‘கதை வகையெண்’ எனலாம். 706ஆம் எண்ணில் இருப்பவள் கைகள் வெட்டப்பட்ட பெண். தமிழில் அவள் பெயர் ஞானசௌந்தரி.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். மாதாவின் பக்தையான இளவரசி ஞானசௌந்தரியைச் சிற்றன்னை லேனாளுக்குப் பிடிக்கவில்லை. அவளுடைய சதியால் கைகளை இழந்து காட்டில் கிடப்பவளைப் பிலேந்திரன் என்ற இளவரசன் கண்டு, மணந்துகொள்கிறான். அவன் போருக்குப் போன சமயம் சூழ்ச்சி நடக்கிறது. குழந்தைகளோடு மறுபடியும் காடு. அங்கே மாதாவின் அருளால் கைகள் திரும்ப வருகின்றன, பிரிந்தவர்கள் சேர்கிறார்கள். காதல், வீரம், வனவாசம், பக்தி எல்லாம் ஒரே இரவு நாடகத்துக்குள் அடங்கிய கிறிஸ்தவக் காவியக் கதை.

இதன் உள்ளே ஓடும் இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்தால்தான் வியப்பு தொடங்குகிறது. முக்கியமான பல்சக்கரம் ஒரு கடிதம். போர்க்களத்துக்குப் போகும் நல்ல சேதி வழியில் மாற்றப்படுகிறது. பதிலும் திரும்பும் வழியில் மாற்றப்படுகிறது. 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் சொன்ன கான்ஸ்டன்ஸ் கதையில், தூதன் குடித்துவிட்டுத் தூங்கும்போது அவன் பையிலிருக்கும் ஓலை இரண்டு தடவை மாறுகிறது. நம்பக்கூடியதா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மதுரையிலிருந்து திருச்சி சுமார் 135 கிலோமீட்டர். இன்று பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். நாளொன்றுக்கு 35 கிலோமீட்டர் நடக்கும் தூதனுக்கு நான்கு பகலும் மூன்று இரவும் ஆகும். போய்வர ஆறு இரவு அவன் வழியில் எங்காவது படுத்தாக வேண்டும். வஞ்சகம் செய்கிறவருக்குப் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு இரவு கிடைத்தால் போதும்.

இப்போது வெட்டப்பட்ட கைகளுக்கு வருவோம். அது வெறும் கொடூரக் காட்சி என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் கை இருந்தால் அவளே ஒரு வரி எழுதியிருப்பாள், கதை அங்கேயே முடிந்திருக்கும். எழுத முடியாதவளைப் பற்றி மற்றவர்கள் எழுதுகிறார்கள், மற்றவர்களே திருத்துகிறார்கள். கதையின் முதல் பாதியில் நடக்கும் வெட்டு, இரண்டாம் பாதியின் கடிதச் சூழ்ச்சிக்கு வழி திறந்துவைக்கிறது. இவ்வளவு கச்சிதமான கட்டுமானத்தை யாரோ ஒருவர் ஒரே மூச்சில் யோசித்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை. பல தலைமுறை வாய்கள் சொல்லிச் சொல்லித் தேய்த்துப் பொருத்தியது இது.

கை எப்படித் திரும்புகிறது என்பதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம். கிரிம் சகோதரர்களின் ஜெர்மன் கதையில், பின்னாளைய பதிப்புகளில், ஏழு ஆண்டுக் காட்டு வாசத்தில் கடவுளின் அருளால் கைகள் மறுபடி வளர்கின்றன. 13ஆம் நூற்றாண்டின் ‘லா மனெகின்’ என்ற பிரெஞ்சுக் காவியத்தில் வெட்டுண்ட கையை ஒரு மீன் விழுங்கிக் காத்து வைத்திருக்கிறது. சகுந்தலையின் மோதிரத்தைக் காத்த மீன் நினைவுக்கு வருகிறதா?

இந்தக் கதையைத் தமிழ் மேடைக்கு நாடகமாக்கித் தந்தவர்களில் முதன்மையானவர் முருக பக்தர். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய நாற்பதுக்கு மேற்பட்ட நாடகங்களில் ஞானசௌந்தரியும் ஒன்று. வள்ளியையும் பவளக்கொடியையும் பாடிய அதே பேனா மாதாவின் மகளையும் பாடியது. 1918இல் அவர் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியது மதுரையில்தான். பின்னாளில் பேர்பெற்ற நாடக நடிகரான டி.கே. சண்முகம் ஆறு வயதுச் சிறுவனாகச் சேர்ந்த சபை அது. கே.கே. நகரிலிருந்து தமுக்கம் போனால் சுவாமிகளின் சிலையைப் பார்க்கலாம்.

சுவாமிகளின் பால சபையில் பெண் வேடத்தையும் சிறுவர்களே கட்டினார்கள். கைகள் இல்லாத கதாநாயகிக்கு முத்திரை இல்லை, முந்தானையைப் பிடித்து அழுவது இல்லை, கும்பிடக்கூட முடியாது. மிச்சமிருப்பது முகமும் குரலும். பாட்டே நாடகமாக இருந்த காலத்தில் பாடகனுக்கு இதைவிடக் கடினமான, இதைவிடப் பேர் வாங்கித் தருகிற வேடம் எது?

மதுரை வட்டாரத்து ஸ்பெஷல் நாடகம் இன்னொரு அதிசயம். நடிகர்களைத் தனித்தனியாக ஒப்பந்தம் செய்கிறார்கள். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர். ஒத்திகை கிடையாது, இரவு பத்து மணிக்குச் சந்தித்து விடியும்வரை நடிக்கிறார்கள். எல்லோர் மனத்திலும் சுவாமிகளின் பாட்டும் கதையின் வரிசையும் இருப்பதால்தான் இது நடக்கிறது. ஆர்மோனியக்காரர் எடுத்துக் கொடுக்கும் சுருதியில் அந்நியர்கள் கணவன் மனைவி ஆகிவிடுகிறார்கள்.

மேடைக் கதை திரைக்கும் வந்தது. 1948இல் சிட்டாடல், ஜெமினி என்ற இரண்டு பட நிறுவனங்களும் ஒரே ஆண்டில் ‘ஞானசௌந்தரி’யைப் படமாக வெளியிட்டன. டி.ஆர். மகாலிங்கமும் எம்.வி. ராஜம்மாவும் நடித்த சிட்டாடல் படம் பெரும் வெற்றி பெற்றது. ஜெமினியின் படம் தோற்றது. வென்ற படத்தில் எஸ்.வி. வெங்கட்ராமன் இசையமைத்த மாதா பாடல் ஒன்று போதும், அதன் வித்தையைச் சொல்ல. சிறுமியாக இருந்த ஜிக்கியின் குரலில் தொடங்கி, பி.ஏ. பெரியநாயகியின் குரலுக்கு மாறுகிறது அந்தப் பாட்டு. கதாநாயகியின் வளரும் பருவம் முழுவதும் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது. மேடையில் ஆள் மாற்றித்தான் காட்ட வேண்டியதைக் குரல் மாற்றியே காட்டிவிட்டார்கள்.

தேவாலயத் திருவிழா எதிலாவது ஞானசௌந்தரி நாடகம் என்று நோட்டீஸ் பார்த்தால் தவறாமல் போங்கள். பாதியில் எழுந்து வந்துவிடாதீர்கள். கடிதம் மாறும் காட்சி நள்ளிரவுக்கு மேல்தான் வரும்.