குடத்தில் காவித் தண்ணீர்! சுரண்டினால் மட்டும் போதுமா?

சென்னை: குழாயைத் திறந்தால் காவி நிறம்! "சாயம் கலந்துட்டாங்களா?" என்கிறார்கள் பழைய தெருப் பெண்கள். சாயமல்ல, துரு!

கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914-ல் திறக்கப்பட்டது. அந்தக் காலத்தில் புதைத்தவை வார்ப்பிரும்புக் குழாய்கள். உள்ளே துரு முண்டு முண்டாக வளரும். 6 அங்குலக் குழாயில் சுற்றிலும் ஓர் அங்குலம் துரு ஏறினால் மிச்சம் 4 அங்குலம். தண்ணீர் போக பாதி வழிகூட இல்லை!

பரிகாரம் உண்டு. இரண்டு இடத்தில் பள்ளம் தோண்டி, குழாயை வெட்டி, சுரண்டியைக் கம்பிவடத்தில் கட்டி இழுப்பார்கள். கழுவியதும் உள்ளே சிமெண்ட் கலவை பூசணும். பூசாவிட்டால் மறுபடி துருதான்.

விரிசல் விட்ட குழாயை மாற்றியே ஆகணும். சப்ளை நின்றதும் சாக்கடை அதன் வழியே உள்ளே புகும். துரு கண்ணுக்குத் தெரியும்; காலரா கிருமி தெரியாது!