பனி மேல் பழி!

மார்கழி விடியற்காலை. கொண்டப்பநாயக்கன்பட்டியில் நின்று பார்த்தால், சேர்வராயன் மலையின் தலையிலே பனி முக்காடு போட்டிருக்கும். வெயில் ஏறினால் முக்காடு விலகிவிடும். நம் ஊர்ப் பனி அவ்வளவுதான். அது ரயிலை நிறுத்துவதில்லை.

ஆனால், டில்லியிலே விழும் பனி சேலத்துப் பிரயாணியைச் சந்தி சிரிக்க வைக்கிறதே, அது எப்படி?

இந்த ஊரிலிருந்து ஒரு குடும்பம் வடக்கேயிருந்து வரும் ரயிலைப் பிடித்துக் கோவைப் பக்கம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கையிலே மூட்டை, இடுப்பிலே குழந்தை, கூடவே வயதான தாய். நிலையத்துக்கு வந்தால், "ரயில் இரண்டு மணி நேரம் தாமதம்" என்கிறார்கள். இரண்டு மணி கழிகிறது. "நான்கு மணி நேரம்" என்கிறார்கள். நான்கும் கழிகிறது. பிறகு ஆறு! முதலிலேயே ஆறு என்று சொல்லியிருந்தால், அந்தத் தாய் வீட்டிலே படுத்திருப்பாளே! பஸ்ஸிலாவது போயிருப்பார்களே!

கேட்டால் கிடைக்கும் பதில் ஒன்றே ஒன்று: "வடக்கே பனிமூட்டம்."

பனிமூட்டம் பொய்யல்ல. டிசம்பர், சனவரி மாதங்களில் கங்கைச் சமவெளியிலே இரவில் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய ஈரக் காற்று புகைபோல உறைந்து நிற்கிறது. ரயில் ஓட்டுபவர் கண்ணுக்கு சிக்னல் தெரிவதில்லை. அதனால்தான் சிக்னலுக்கு 270 மீட்டர் முன்பே தண்டவாளத்திலே வெடி வைக்கிறார்கள். சக்கரம் ஏறியதும் அது வெடித்து, "சிக்னல் வருகிறது, கவனம்" என்று சொல்லும். அடுத்த சிக்னலை முன்கூட்டி அறிவிக்கும் கருவியும் இன்று வந்திருக்கிறது. அது இருந்தாலும் பனியிலே மணிக்கு 75 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது கட்டுப்பாடு.

டில்லிக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே, சேலம் வழியாக ஓடுகிறது கேரளா எக்ஸ்பிரஸ். ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர்ப் பாதை. பனியிலே தாமதமாக டில்லி சேர்ந்த பெட்டிகளைத் துடைத்து, தண்ணீர் நிரப்பி, சோதித்த பிறகே திருப்பி அனுப்ப முடியும். ஆகவே அங்கே புறப்படும்போதே தாமதம். வழியிலே தனக்குரிய நேரத்தைத் தவறவிட்ட ரயில், மற்ற ரயில்களுக்கு வழிவிட்டு வழிவிட்டு மேலும் தாமதமாகிறது. அதற்கு வழிவிட, நம் பக்கத்துப் பாசஞ்சர் ரயிலை ஓரங்கட்டுவதும் உண்டு. பனியே பாராத கூலித் தொழிலாளிக்கும் அன்று அரைநாள் கூலி போகிறது!

அப்படியானால், பனியிலும் பாய்ந்து வா என்றா சொல்கிறோம்? இல்லை. ஒருக்காலும் இல்லை. 2010 சனவரி 2 அன்று உத்தரப் பிரதேசத்தில், பனிமூட்டத்திலே ரயில்கள் மோதி உயிர்கள் போயின. நம் நாட்டிலேயே அரியலூரை மறக்க முடியுமா? 1956 நவம்பர் 23. கொட்டும் மழை. மருதையாற்று வெள்ளம் பாதையை அரித்திருந்தது. தூத்துக்குடிக்குப் போன எக்ஸ்பிரஸ் ஆற்றிலே விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அன்று அந்த ரயில் ஏதாவதொரு நிலையத்திலே நிறுத்தப்பட்டிருந்தால், தாமதம் என்று நான்கு பேர் முணுமுணுத்திருப்பார்கள். அத்தனை பேரும் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

2023 டிசம்பர் 17 இரவு அப்படித்தான் நடந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், பெருமழையிலே ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அடித்துப் போயிருந்தது. ஏறத்தாழ 800 பிரயாணிகள் தண்ணீர் சூழ்ந்த இடத்திலே தவித்தார்கள். ஹெலிகாப்டரில் உணவு வந்தது. பட்ட துன்பம் பெரிது; ஆனால் உயிர் தப்பியது அதைவிடப் பெரிது!

ஆகவே, தாமதம் குற்றமல்ல. தாமதத்தை மறைப்பதுதான் குற்றம். பனி இயற்கையின் வேலை. பிரயாணியைப் பனியிலே உட்கார வைப்பது மனிதர் வேலை!

சட்டமும் இதையே சொல்கிறது. தாமதத்தால் விமானத்தைத் தவறவிட்ட பிரயாணி ஒருவருக்கு வடமேற்கு ரயில்வே 30,000 ரூபாய் தரவேண்டும் என்ற உத்தரவை, 2021 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. தாமதத்துக்குக் காரணம் தன் கைமீறியது என்பதை ரயில்வேதான் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காவிட்டால் நஷ்டஈடு தரவேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு. "பனி" என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது!

இன்னொரு விதியும் இருக்கிறது. நாம் ஏறவேண்டிய நிலையத்துக்கு ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வந்து, நாம் பயணத்தைக் கைவிட்டால், முன்பதிவுக் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். ஆனால், ரயில் புறப்படுவதற்கு முன்பே டிக்கெட்டை ஒப்படைக்க வேண்டும். இணையத்தில் எடுத்தவர்கள் இணையத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். எத்தனை பேருக்கு இது தெரியும்? பிளாட்பாரத்தில் சுருண்டு கிடக்கும் பாட்டாளிக்கு இதைச் சொன்னவர் யார்? விசாரணைக்கு 139 என்ற எண் இருக்கிறது. அதுவும் எத்தனை பேருக்குத் தெரியும்?

பனி திடீர் விருந்தாளியல்ல. தேதி சொல்லி ஆண்டுதோறும் வருகிறது. தீபாவளிக்குத் தனி ரயில் விடத் தெரிந்த இலாகாவுக்கு, பனிக்காலத்துக்கென்று மாற்றுப் பெட்டித் தொடரைத் தயாராக வைத்துக்கொள்ளத் தெரியாதா? வழியிலே ரயில் ஆறு மணி நேரம் பின்தங்கியது தெரிந்த உடனே, அதை உள்ளபடி தமிழிலே ஒலிபெருக்கியில் சொல்ல முடியாதா? பணம் கொடுத்தவனுக்குத்தான் ஓய்வறை என்றில்லாமல், சாதாரண டிக்கெட்டுக்காரனுக்கும் கூரையுள்ள இடமும், குடிநீரும், குழந்தைக்குச் சூடான பாலும் கிடைக்கச் செய்ய முடியாதா?

நாம் கேட்பது சலுகையல்ல. ரயில் மெதுவாக வரட்டும், பத்திரமாக வரட்டும். ஆனால் உண்மை மட்டும் ரயிலுக்கு முன்னே வரட்டும்! பனியை விலக்க அமைச்சரால் முடியாது என்பது நமக்குத் தெரியும். காத்திருப்போர் கண்ணை மறைக்கும் மூட்டத்தை விலக்க அவரால் முடியும். அதைச் செய்யட்டும்!